பஸ் டிக்கெட் நுழையாத டிராயர்

தம்பிகளே, போன வாரம் நம் லாரி பாடி கட்டும் பட்டறைப் பக்கம் வந்தபோது நீங்கள் கட்டிக்கொண்டிருந்த பிக்கப் வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க டிராயர். ஒன்றில் அடுப்பு, ஒன்றில் பாத்திரம், ஒன்றில் துணிமணி, மேலே பலகை போட்டு மெத்தை. யாருக்கு என்று விசாரித்தேன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டியாம். லீவு நாளில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்துக்கொள்வார்களாம். வீட்டில் கட்டில் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றீர்கள்.

உங்களில் ஒருவர், "ஐயா, இந்த மாதிரி வேலையெல்லாம் ஒங்க காலத்துல கெடையாதுல்ல?" என்றார். இருந்தது தம்பி. அறுபதுகளின் தொடக்கத்திலேயே இதே திண்டுக்கல்லில், இதே பட்டறையில், ஒரு பிக்கப்புக்கு ஏழு டிராயர் கட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே அழகான மரவேலை அதுதான். மோசமான வேலையும் அதுதான். அளவு, பசை, ஆணி பற்றியெல்லாம் இதில் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் போனைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறீர்கள். போன் சொல்லாத சங்கதியை மட்டும் சொல்கிறேன்.

நான் லாரி பாடி கட்டும் தொழிலுக்கு நேராக வந்தவன் இல்லை. எங்கள் அப்பா திண்டுக்கல்லில் கோயில்களுக்கு மரவேலை செய்த ஆசாரி. எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் கோயில்களில் சாமியார்கள் பூசைக்கு உடுத்தும் உடுப்புகளை மடிக்காமல் படுக்கப் போட்டு வைப்பார்கள். அதற்கென்று ஆள் நீளத்துக்கு அகலமான டிராயர் வைத்த மேசை உண்டு. அந்த மேசை செய்வதில் அப்பா பெயர் வாங்கியவர். டிராயரைச் சுற்றியுள்ள சந்தில் பஸ் டிக்கெட் நுழையக் கூடாது, இதுதான் அவர் அளவு. நுழைந்தால் அந்தப் பலகை அடுப்புக்குப் போகும். அப்படிச் செய்த மேசையில் ஒரு டிராயரைத் தள்ளி மூடினால், உள்ளே அடைபட்ட காற்று பக்கத்து டிராயரை நான்கு விரற்கடை முன்னால் தள்ளிவிடும். சாமியார் ஒருவர் பூசை முடிந்த பின்னும் வெகுநேரம் அந்த அறையில் இருப்பார். ஜெபம் செய்கிறார் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டிராயரை மூடித் திறந்து விளையாடிக்கொண்டிருந்தார் என்பது அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அந்தக் கையோடுதான் இருபத்தாறு வயதில் இந்தப் பட்டறைக்கு வந்தேன். அப்போதைய முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் குடும்பம் மொத்தமும் தோல் வியாபாரம். இவர் ஒருவர் மட்டும் தோல் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று லாரிப் பக்கம் வந்தவர். டீசல் நாற்றம் அவருக்கு ஒத்துக்கொண்டது. இரும்பு வேலை அத்துப்படி, மரவேலை தெரியாது. தெரியாது என்பதை அவரே சொல்லுவார். அந்தக் காலத்தில் முதலாளிகள் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை, அதனால் எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது.

பாய் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எந்த வண்டிக்குப் பாடி கட்டினாலும், கட்டிய ஆள் அந்த வண்டியோடு முதல் பயணம் போய் வர வேண்டும். மூட்டை லாரி என்றால் மூட்டையின் மேல் உட்கார்ந்து. நிலக்கோட்டைப் பூ வேன் என்றால் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே. "செஞ்சவன் செத்த நேரமாவது அதுல குந்திப் போகணும்ப்பு. போனாத்தான் அது ஒன்னத் திட்டும்" என்பார். வண்டி எப்படித் திட்டும் என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் கால்நடை டாக்டர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். கூடவே யுத்தத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய பிக்கப் ஒன்றும் வந்தது. மாட்டுக்கு வெக்கை என்றொரு கொள்ளை நோய் அப்போது இருந்தது. ஒரு தொழுவத்துக்குள் நுழைந்தால் கயிற்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அதற்குத் தடுப்பூசி போட இந்த டாக்டர் மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகக் கேம்ப் போய்க்கொண்டிருந்தார். படுக்கை, பாத்திரம், பெட்ரோமாக்ஸ், ஊசி, ரெஜிஸ்தர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போவாராம். ஒரு ஊரில் ஊசியைத் தேடியபோது ரசப்பொடி டப்பா திறந்து, அன்றைக்குப் போட்ட ஊசியெல்லாம் மிளகு வாசனை அடித்ததாம். அவர் சிரிக்காமல் சொன்னார், நாங்களும் சிரிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது இது. பின்பலகையைத் திறந்தால் கைக்கு எட்டும்படி டிராயர்கள். மேலே அவர் படுக்க இடம். வலதுபுறம் அடியில் உள்ள பெரிய டிராயர் மட்டும் முக்கியம். அதற்குத் தகரம் அடிக்க வேண்டும். மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் கட்டிக்கு நடுவில் தடுப்பு மருந்து அதில்தான் வரும். "மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி. அந்த ஒண்ணு சரியா இருக்கணும்" என்றார்.

தம்பிகளே, இப்படி ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. உன் கைத்திறமையைக் காட்டு என்று கேட்டது. மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். நல்ல முற்றிய தேக்கு. ஏழு டிராயருக்கும் ஒரே கூடு, அந்தக் கூட்டை வண்டியின் தரையோடு பன்னிரண்டு போல்ட் போட்டு முறுக்கினேன். அப்பா செய்த மேசைக்குப் போடும் பித்தளைக் கைப்பிடியையே இதற்கும் போட்டேன். பாலீஷ் மூன்று கை பூசினேன். பட்டறைக்கு வந்த லாரி டிரைவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

வண்டியை ஒப்படைத்த அன்று டாக்டர் முன்னால் டிராயரை மூடிக் காட்டினேன். பக்கத்து டிராயர் நான்கு விரற்கடை முன்னால் வந்தது. டாக்டர் அதை மூடினார். முதல் டிராயர் வந்தது. மறுபடி மூடினார்.

"இது ஏன் வருது?" என்று கேட்டார்.

"அதுதான் சார் வேலைத் தெறம். காத்துகூட வெளிய போக எடம் இல்ல."

"ஒண்ணை மூடினா ஒண்ணு தொறக்கும்னா எல்லாத்தையும் எப்பத்தான் மூடறது?"

தானாகத் திறக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கொண்டி போட்டுக் கொடுத்தேன். அதிலும் எனக்கு வருத்தம்தான், பாலீஷில் ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது. பாய் ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துச் சந்தில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பு, வீட்டு மேசை வீட்டுலயே நிக்கும். இது ஓடுமே. இம்புட்டு இறுக்கம் ஆகுமா?" என்றார்.

"வண்டிதானே பாய் ஓடுது. டிராயர் அதுக்குள்ள சும்மாதானே இருக்கு" என்றேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "மரம் ஒன்னோட பாடு. எனக்கென்ன தெரியும்" என்று போய்விட்டார்.

முதல் கேம்ப் பழனிக்குப் போகும் பக்கம், தொப்பம்பட்டியைத் தாண்டி ஒரு சிற்றூர். சுற்று வட்டாரத்தில் எங்கோ வெக்கை தலைகாட்டிவிட்டது என்று தகவல் வந்து அவசரமாக ஏற்பாடு செய்த கேம்ப். முந்தின நாள் மாலை ஐஸ் வாங்கி அடைத்தோம். மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணி வரை ஐஸ் தாங்கும், அதற்குமேல் மருந்துக்கு உயிர் இல்லை என்றார் டாக்டர். விடிந்தும் விடியாமல் டாக்டர், டிரைவர், நான் மூன்று பேரும் கிளம்பினோம். ஒட்டன்சத்திரத்தில் டீ குடித்தபோது ஐஸ் டிராயரைத் திறந்து பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தது. டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஊரை அடைந்தபோது மணி ஏழு. ஊருக்கு வெளியே ஒரு பெரிய புளியமரம். அதைச் சுற்றி மாடும் ஆட்களுமாக நிறைந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பொழுது புலரும் முன்பே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐஸுக்கு நிழல் வேண்டுமே என்று டிரைவர் வண்டியை மரத்தை ஒட்டி ஏற்றி நிறுத்தினார். முன் சக்கரம் ஒன்று வேர் முண்டின் மேல் ஏறியது. அதற்கு எதிர் மூலையில் பின் சக்கரம் வாய்க்கால் பள்ளத்தில் இறங்கியது. வண்டி கொஞ்சம் கோணலாக நின்றது. நிழல் அருமையாக இருந்தது.

டாக்டர் ஊசிகளைக் கொதிக்க வைத்துத் தயார் செய்தார். நான் போய் ஐஸ் டிராயரை இழுத்தேன். வரவில்லை. கொண்டியை எடுத்துவிட்டேனா என்று பார்த்தேன். எடுத்திருந்தேன். மறுபடி இழுத்தேன். காலை வண்டியில் ஊன்றி இழுத்தேன். சுவரில் வரைந்த டிராயரை இழுப்பது போல இருந்தது.

வரிசையில் முதலாவதாக நின்றவர் பெயர் நாச்சிமுத்து. உள்ளூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். மயிலைக் காளை இரண்டு கொண்டுவந்திருந்தார், அதில் ஒன்றுக்குக் கொம்பு முனை கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருக்கும். உழவுக்கும் வண்டிக்கும் அவருக்கு அந்த ஜோடிதான். கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, மரத்தில் கட்டவில்லை, கையிலேயே சுற்றிக்கொண்டு வந்து வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, வண்டி முறுக்கிக்கிட்டு நிக்குதுங்க. ஒரு காலு மேட்டுல, எதுத்த காலு பள்ளத்துல. தட்டு முறுக்குனா பொட்டியும் முறுக்குமுங்களே. சமதரையில நிறுத்திப் பாருங்க" என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். முழங்கால் வரை வேட்டி, தோளில் துண்டு, கையில் மாட்டுக் கயிறு.

"இது மாட்டு வண்டி இல்லீங்க. மோட்டாரு" என்றேன்.

"அதுவுஞ் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போனார். அப்போது மணி ஏழே கால்.

டிரைவரும் அவர் பேச்சைக் கேட்டார். "நெழல விட்டு வெளிய எடுத்தா ஐஸு தண்ணியாப் போயிரும் சார்" என்று டாக்டரிடம் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தப்பான காரியம் செய்யும்போது அதற்கு ஒரு நியாயமான காரணம் எப்போதும் பக்கத்திலேயே நிற்கும், கவனித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தில் சோப்புத் தேய்க்கலாம் என்றேன். சோப்பு நுழையச் சந்து இல்லை. சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். தேக்கு நன்றாகச் சத்தம் கொடுத்தது. கைப்பிடியில் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்தார்கள். கைப்பிடி கையோடு வந்தது, ஆறு பேரும் வாய்க்காலில் விழுந்தார்கள். பித்தளை நல்ல கனம், அதில் ஒருவருக்கு நெற்றியில் பட்டது. டாக்டர் அவருக்கு அயோடின் தடவினார். அன்றைக்கு அவர் பார்த்த முதல் நோயாளி அதுதான். கயிற்றில் காளையைப் பூட்டி இழுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இழுக்கக் கைப்பிடி இல்லை என்பதால் தப்பித்தோம்.

என் பையில் உளியும் அதை அடிக்கும் கொட்டாப்புளியும் இருந்தன. முகப்புப் பலகையை நான்கு அடி அடித்துப் பிளந்தால் மருந்து வெளியே வந்துவிடும். இது எனக்கு ஏழரை மணிக்கே தெரியும். டாக்டருக்கும் தெரிந்திருந்தது.

"ஒடைச்சிரலாமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார். வந்துரும்."

எட்டு மணிக்கு மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். எட்டே முக்காலுக்கு அவர் கேட்கவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அப்போதும் ஒரு ஆப்பைச் சீவிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மருந்தையோ மாட்டையோ நான் நினைக்கவில்லை. மூன்று கை பாலீஷை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் போய், நான் செய்த டிராயரை நானே உளி வைத்துப் பிளந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு டாக்டர் எழுந்து வந்தார். "நீங்க ஒடைக்கிறீங்களா, நான் ஒடைக்கட்டுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

உளியை எடுத்து முகப்பில் வைத்தேன். அப்போது நாச்சிமுத்து மறுபடி வந்தார்.

"ஒடைக்கிறதுன்னா ஒடைங்க மேஸ்திரி. அதுக்கு முன்னால வண்டிய ஒருக்கா நவுத்திப் பாத்துருங்களேன். எங்க மாட்டு வண்டியிலயே தட்டை ஆணி அடிக்க மாட்டமுங்க, கவுத்துலதான் கட்டுவமுங்க. ஆணி அடிச்சா மேடு பள்ளத்துல முறுக்கும்போது புட்டுக்குமுங்க" என்றார்.

டாக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பி, பத்து கஜம் பின்னுக்கு எடுத்து, சமதரையில் பிரேக் போட்டார். ஐஸ் டிராயர் யாரும் தொடாமல் தானாக வெளியே வந்து நின்றது.

நாச்சிமுத்து, "வந்துருச்சுங்க" என்றார், எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பது போல.

டாக்டர் ஒரு வினாடி வீணாக்கவில்லை. மருந்தைக் கரைத்தார், ஊசி போட ஆரம்பித்தார். நான் மாட்டைப் பிடித்தேன், டிரைவர் ரெஜிஸ்தரில் பெயர் எழுதினார். நடந்த கூத்தில் வரிசை கலைந்து போயிருந்தது. முதல் ஆளாக நின்ற நாச்சிமுத்துவை டாக்டர் கூப்பிட்டார். அவர் பின்னால் காட்டினார்.

"அவிய எல்லாம் நாலு மைல் அஞ்சு மைல் ஓட்டியாந்தவியங்க. வெயில் ஏறுமுன்னால திரும்பட்டுங்க. நான் உள்ளூருதானுங்களே, கடைசியாப் போட்டுக்கறனுங்க" என்றார். காளைகளை ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு வந்து, மற்றவர்களின் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடித்தார். அவர் பிடித்தால் மாடு அசையாது. எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பன்னிரண்டு ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் டிராயருக்குள் கையை விட்டார். எடுத்தபோது கையில் மரத்தூள் கலந்த தண்ணீர். விரலில் கொஞ்ச நேரம் அதை வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த மருந்துக் குப்பிகளை எடுத்துத் தனியாக வைத்தார். "அவ்வளவுதான்" என்றார். ஏழெட்டுப் பேர் மாட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த மயிலை ஜோடி.

நான் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். "சார், அந்த ரெண்டு மாட்டுக்கு மட்டும் போட்டுருங்க சார். குப்பில மருந்து இருக்கே."

"இருக்கறது மருந்து இல்ல, தண்ணி. இதைக் குத்தி அனுப்பினா அவர் நிம்மதியா வீட்டுக்குப் போவார். மத்த மாட்டோட கட்டுவார், சந்தைக்கு ஓட்டுவார். போடலைன்னு தெரிஞ்சாலாவது ஜாக்கிரதையா இருப்பார்."

இதை அவரே போய் நாச்சிமுத்துவிடமும் சொன்னார். மருந்து திரும்ப வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும், அதுவரை காளைகளை வெளியே விட வேண்டாம் என்றார். நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பரவாயில்லீங்க. அடுத்த கேம்புக்கு நாந்தான் மொதல்ல நிப்பனுங்க" என்று சொல்லிவிட்டுக் காளைகளை ஓட்டிக்கொண்டு போனார். வளைந்த கொம்புக் காளை ஒரு தடவை திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தது. மாடு எதற்கும்தான் திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு எனக்கு அது தாங்கவில்லை.

திண்டுக்கல் வந்து பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழே காலுக்கே ஒருவர் சொன்னதையும், நான் கேட்காததையும் மறைக்காமல் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தினால் நிம்மதியாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அவர், "நானும் டிக்கெட்ட விட்டுப் பாத்தேன்லப்பு. மனசுல பட்டுச்சு. நமக்கு மரம் தெரியாதுன்னு வாய மூடிக்கிட்டேன். தப்புல பாதி என்னோடது" என்றார். பிறகு, "நாளைக்கி மாட்டு வண்டிப் பட்டறைக்குப் போ. ஒரு வாரம் அங்கன குந்து. ஒண்ணும் செய்யாத, பாரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். மோட்டார் பாடி மேஸ்திரி மாட்டு வண்டிப் பட்டறையில் குந்தியிருப்பதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். சித்தையன்கோட்டையில் இருந்துகூட ஒரு சொந்தக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அங்கே நான் பார்த்தது, எதையும் இறுக்கிக் கட்டாத கட்டுமானம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். கையாலாகாத்தனம் என்று நான் அதுவரை நினைத்திருந்தது அந்த இடத்தைத்தான்.

திரும்பி வந்து பன்னிரண்டு போல்ட்டையும் கழற்றினேன். கூட்டை மூன்று இடத்தில் மட்டும் தாங்க விட்டு, அடியில் பழைய டயர்த் துண்டு கொடுத்துக் கயிற்றால் கட்டினேன். ஏழு டிராயரையும் இழைத்துச் சின்னதாக்கினேன். சந்தில் பஸ் டிக்கெட் என்ன, சுண்டு விரலே நுழையும். பாலீஷ் எல்லாம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. பாய் வந்து பார்த்தார்.

"என்னப்பு, கோழிக்கூடு மாதிரி இருக்கு."

"ஆமா பாய்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி ஓடும்போது ஏழு டிராயரும் லொடலொடவென்று அடித்துக்கொண்டன. டாக்டர் ஒட்டன்சத்திரம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் வருதே" என்றார். "வரட்டும் சார்" என்றேன்.

பதினைந்தாம் நாள் அதே ஊர், அதே புளியமரம். டிரைவர் சமதரையாகப் பார்த்து நிறுத்தப் போனார். வேண்டாம், போன தடவை நிறுத்திய இடத்திலேயே நிறுத்துங்கள் என்றேன். முன் சக்கரம் வேர் மேல் ஏறியது, பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. நான் இறங்கிப் போய் ஐஸ் டிராயரை ஒரு விரலால் இழுத்தேன். வந்தது. மணி ஏழு. ஏழு பத்துக்கு டாக்டர் முதல் ஊசியைப் போட்டுவிட்டார்.

முதல் ஊசி நாச்சிமுத்துவின் காளைக்கு இல்லை. வரிசையில் தேடினேன், அவரைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் வெறும் கயிற்றைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து வந்தார். யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் மட்டும் எப்போது என்று கேட்டார். பத்தாம் நாள் ஒன்று, பன்னிரண்டாம் நாள் ஒன்று என்று நாச்சிமுத்து சொன்னார்.

பிறகு அவர் போன தடவை போலவே மற்றவர்கள் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்கப் போய்விட்டார். மத்தியானம் வரை பிடித்தார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கு ஒரு மாடும் ஊசி போடாமல் திரும்பவில்லை, ஐஸும் மிச்சம் இருந்தது.

நீங்கள் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வண்டியை முடித்துக் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுபோய் ஒரு மேட்டிலும் ஒரு பள்ளத்திலுமாக நிறுத்தி டிராயரை இழுத்துப் பாருங்கள். எதற்கு வண்டி கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டாம். எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் ஏதாவது சொன்னால், அவர் கையில் என்ன கயிறு இருக்கிறது என்று பார்க்காமல் காது கொடுங்கள்.

அன்றைக்குக் கேம்ப் முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து வண்டியின் பின்பக்கம் வந்தார். குனிந்து, கோணலாக நின்ற சக்கரங்களைப் பார்த்தார். ஐஸ் டிராயரை ஒரு விரலால் இழுத்தார். மூடினார். இன்னொரு தடவை இழுத்தார். அவர் முகத்தில் கோபமோ குத்தலோ இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல வேலையைப் பார்த்த மனுஷனின் முகம்தான் இருந்தது.

"இப்ப நல்லாத் தொறக்குதுங்க மேஸ்திரி" என்றார்.